கறுப்புத் துணி ஒட்டாத முகம்

அந்த மெசினின் பெட்டியில் ஸ்க்ரோல் சோ என்று போட்டிருந்தது. என் மனைவி அதை “உங்கட தையல் மெசின்” என்பாள். அவள் சொல்வதிலும் பிழையில்லை. ஊசி போல மெல்லிய பிளேட் ஒன்று மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டே இருக்கும். துணிக்குப் பதிலாகப் பலகையைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். எந்த வளைவையும் நெளிவையும் வெட்டலாம். கை கொஞ்சம் அவசரப்பட்டால் பிளேட் ‘டிக்’ என்று முறியும். நான் அவசரக்காரன். ஆகவே எங்கள் வீட்டில் அந்த ‘டிக்’ சத்தமும், அதைத் தொடர்ந்து என் வாயிலிருந்து வருகிற சத்தமும் வழமையான விசயங்கள்.

கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறேன். பகல் முழுக்க ஆணியும் பெயின்டும் பைப்பும் எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்ததும் பின்பக்கத் தகரக் கொட்டிலுக்குள் போய்விடுவேன். கடையில் மிஞ்சுகிற பிளைவுட் துண்டுகளை முதலாளி எறியச் சொன்னபோது எறிய மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்ததில் தொடங்கியது இந்தப் பைத்தியம். வெளிநாட்டுக்குப் போகிற ஒருவர் தன்னுடைய மெசினை விற்றார், வாங்கினேன். முதலில் சாவி மாட்டுகிற பலகை. பிறகு வீட்டுப் பெயர்ப் பலகை. அதற்குப் பிறகு ‘பிஸ்மில்லாஹ்’, ‘மாஷா அல்லாஹ்’. புது வீடு குடிபோகிறவர்கள் வாசலுக்கு மேலே மாட்டுவதற்குக் கேட்டுக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். பெரிய உழைப்பு என்று சொல்ல வரவில்லை. கரண்ட் பில்லுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சிக்கும் கைகொடுக்கும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறவன். ஆக, நான் இருப்பது மனைவியின் வீடு. அதைக் கட்டியவர் அவளுடைய வாப்பா. நெல் வியாபாரி. வரிப்பத்தான்சேனைப் பக்கம் போய் மூட்டை மூட்டையாக நெல் எடுத்து விற்றுக் கட்டிய வீடு. அந்த மாமாவை நான் கண்டதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வெகு முன்பே, ஆளுக்கொரு கமெரா போன் வராத காலத்திலேயே, அவர் மவுத்தாகிவிட்டார். வீட்டில் அவருடைய ஒரு படம்கூட இல்லை. மாமி இருக்கிற வீட்டில் எப்படி இருக்கும்?

மாமிக்கு என்மேல் விருப்பம். என் மரத்தூள்மேல் இல்லை. கொட்டிலிலிருந்து தூள் பறந்து காயப்போட்ட உடுப்பில் விழுந்தால், என்னை ஏசமாட்டார். உடுப்பை உதறிக்கொண்டே “இந்த மெசின் எப்ப பழுதாகுமோ, யா றப்பே” என்று எனக்குக் கேட்கும்படியாக அல்லாஹ்விடம் விசாரிப்பார்.

ஆரம்பத்தில் யார் எது கேட்டாலும் வெட்டினேன். கல்யாணம் முடிக்கப்போகும் ஒரு சோடிக்குப் பரிசாகக் கொடுப்பதற்கு, இரண்டு பேருடைய முகத்தையும் பலகையில் வெட்டித் தரச் சொன்னார்கள். இந்த முகம் வெட்டும் வேலை ஒரு தினுசானது. போட்டோவைப் போனில் போட்டு, வெள்ளை கறுப்பு என்று இரண்டே நிறமாக்கி, கடுதாசியில் அச்செடுத்துப் பலகையில் ஒட்டவேண்டும். கறுப்பான இடங்களையெல்லாம் வெட்டி விழுத்தவேண்டும். புருவம் விழும், கண்மணி விழும், மூக்கின் நிழல் விழும். கடைசியில் கையில் இருப்பது ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை. வெள்ளைச் சுவரில் சாத்தி வைத்தால் ஒன்றும் விளங்காது. பின்னால் கறுப்புத் துணியை ஒட்டினால்தான் ஆள் வெளியே வருவார்.

நான் துணியை ஒட்டிக் காயட்டும் என்று குசினி யன்னலில் சாத்திவிட்டுத் தொழப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மாமி முற்றத்தில் நின்றார்.

“ஆர்ர முகம் அது?”

“ஓடர் மாமி. கல்யாணப் பரிசு.”

“உருவம் இரிக்கிற வீட்டுக்குள்ள மலாயிக்கத்துமார் வருவாங்களா? அது இஞ்ச இரிக்கிறண்டா மலாயிக்கத்துமாருக்கு வேற வீடு பாருங்க மகன்.”

வானவர்கள் வராத வீட்டுக்குள், அதை வெளியே கொண்டுபோகும் வரைக்கும் அவரும் வரவில்லை. சோறும் முற்றத்தில்தான். அன்றைக்கே பலகையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாண்டிருப்புக்கு ஓடினேன். அங்கே எனக்கொரு கூட்டாளி இருக்கிறான். கந்தோரில் எழுத்து வேலை, பின்னேரத்தில் என்னைப் போலவே மரத்தூள். என்னுடைய கடைக்குப் பிளேட் தேடி வந்தபோது பழக்கமானவன். சாமிப் படங்களும், செத்தவர்களின் முகங்களும் வெட்டுவான். அவனுடைய ஆட்களின் வீடுகளில் ஆண்டுத் திவசத்துக்கு அப்படி மாட்டுவார்கள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். எனக்கு வருகிற முக ஓடர்களெல்லாம் அவனுக்கு. அவனுக்கு வருகிற அரபு எழுத்தெல்லாம் எனக்கு.

“அந்த எழுத்தில ஒரு வளைவு பிசகினாலும் உங்கட ஆக்கள் என்னைத் தேடி வருவாங்கள் மச்சான். எனக்கேன் வம்பு?” என்றான்.

அதிலிருந்து நான் முகம் வெட்டுவதில்லை. யார் கேட்டாலும் அதுதான் பதில். மாமிக்கும் திருப்தி. இன்னொரு வேலையையும் அவர் தானாகவே எடுத்துக்கொண்டார். ‘அல்லாஹ்’ என்று வெட்டும்போது விழுகிற சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கின்றனவே, அவற்றைக் குப்பையில் போட விடமாட்டார். காலில் மிதிபடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு பையில் சேர்த்து, மாமரத்தின் வேரடியில் கிண்டிப் புதைப்பார். எனக்கு அது எப்போதுமே ஒரு குழப்பம். எழுத்து பலகையில் இருக்கிறது. விழுந்தது எழுத்தில்லாத மரம். அதற்கென்ன மரியாதை? ஒருநாள் கேட்டேன். “பேருக்குப் பக்கத்துல இருந்த மரம்தானே மகன்” என்றார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அது நடந்தது. மனைவி ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கொட்டிலில் ஒரு பெயர்ப் பலகைக்குச் சேண்ட் பேப்பர் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமி வந்தார். கொட்டிலுக்குள் வரவே வராதவர், முக்காட்டை மூக்குவரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தூளில் கால் வைத்து வந்தார். கையில் ஒரு பழைய கண்ணாடிக் கூடு. மூக்குக் கண்ணாடி வைக்கிற கூடு. மேசையில் வைத்தார்.

“துறந்து பாருங்க.”

திறந்தேன். தடித்த கறுப்பு பிரேம் போட்ட ஒரு மூக்குக் கண்ணாடி. அதற்கடியில் மடித்த துணி. துணிக்கடியில் பாஸ்போட் அளவில் ஒரு படம். தொப்பி, தாடி, நெற்றியில் இரண்டு கோடு.

“மாமாவா?”

“ஓம். மக்காவுக்கு, உம்றாவுக்குப் போறண்டு எடுத்த. பாஸ்போட் வரக்குள்ள ஆள் இல்ல.”

நான் படத்தையும் பார்த்தேன், மாமியையும் பார்த்தேன். இந்த வீட்டில் படமா? அதுவும் மாமியின் கையிலா?

“எனக்கி அவர்ர முகம் வருகுதில்ல மகன்” என்றார். “நடை வருகுது. இருமுறது கேக்கிது. முகத்த நினைச்சா மட்டும் ஒண்டும் வருகுதில்ல. படம் சின்னன், என்ட கண்ணுக்குப் புடிபடுதுமில்ல. நீங்க அவர வெட்டித் தாங்க.”

எனக்குச் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. “மாமி, இத ஸ்டூடியோவில குடுத்தாப் பெருசாக்கித் தருவாங்களே.”

“அது உருவம்.”

“அப்ப நான் வெட்டினா?”

“அது பலகதானே.”

இவர்தானே என்னை மலாயிக்கத்துமாருக்கு வேறு வீடு பார்க்கச் சொன்னவர்? அன்றைக்கு அது பலகையாகத் தெரியவில்லையா? கேட்டுவிட்டிருப்பேன், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் வேறொன்று சொன்னார்.

“கல்யாண ஆல்பத்த எரிச்சது நான்தான். ஒரு மவ்லவிட பயான் கேட்டுப்போட்டு வந்து எல்லாத்தையும் எரிச்சன். அவர் பக்கத்துல நிண்டு பாத்துக்கு இருந்தார். இதுவும் அப்ப இருந்திருந்தா எரிச்சிருப்பன்.” கண்ணாடிக் கூட்டை என் பக்கம் தள்ளினார். “புள்ளைக்குச் செல்லாதீங்க. வாப்பாட படம் இரிக்கா எண்டு எத்தின தரம் கேட்டவள். நான் இல்லெண்டுட்டன்.”

அவர் போன பிறகு நெடுநேரம் மெசினைப் போடாமலே இருந்தேன். மாமிக்குத் தன் புருசனின் முகம் மறந்துபோகிறது. அதைத் திருப்பிக் கொடுக்கக்கூடியவன் நான் மட்டும்தான். ஆனால், நான் முகம் வெட்டுவதில்லை. வெட்டக்கூடாது என்று சொன்னவரும் அவர்தான், வெட்டச் சொல்பவரும் அவர்தான். இதில் யாருடைய பேச்சைக் கேட்பது?

மார்க்கம் தெரிந்தவர்களிடம் கேட்டேன், எனக்கில்லை, வேறொருவருக்கு என்று சொல்லி. ஒருவர் கூடவே கூடாது என்றார். ஒருவர், நினைவுக்கு வைத்திருப்பதில் குற்றமில்லை, சுவரில் மாட்டாமல் இருந்தால் சரி என்றார். இன்னொருவர், கண்ணில்லாவிட்டால் அது முழு உருவமாகாது என்று சிலர் சொல்கிறார்கள் என்றார். நான் விடாமல், “நாங்க முகத்தைச் செய்யிறல்ல ஹஸ்ரத், இருக்கிற மரத்தை எடுக்கிறம். ஓட்டைதான் போடுறம்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “சந்தேகமான விசயத்தை விட்டுர்றது நல்லம் தம்பி” என்றார். நல்ல பதில்தான். எனக்கு எல்லாமே சந்தேகமாக இருக்கிறதே, எதையெதை விடுவது?

படத்தைப் போனில் வெள்ளை கறுப்பாக்கினால் பாதி முகம் காணாமல் போனது. வெளிச்சத்தைக் கூட்டினால் தாடி போய்விடுகிறது, குறைத்தால் கன்னம் கறுத்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் பாண்டிருப்புக்குப் போனேன். கூட்டாளி தன் கொம்பியூட்டரில் போட்டு, ஆளின் முகம் எவ்வளவோ அதே அளவுக்குப் பெரிதாக்கி, எந்த இடத்தில் மரத்தை விடவேண்டும் என்று கோடு போட்டுத் தந்தான்.

“ஆரிது?”

“ஒரு ஓடர்.”

“நீ முகம் வெட்டமாட்டியே மச்சான்.”

“ஓம், வெட்டமாட்டன்.”

“அப்ப இது?”

“பலக” என்றேன். என் வாயிலிருந்து மாமியின் பதில் வந்ததைக் கேட்டு எனக்கே எரிச்சலாக இருந்தது. அவன் தோண்டிக் கேட்கவில்லை. கடுதாசியைச் சுருட்டித் தரும்போது, “கண்ணைக் கடைசியா வெட்டு. எங்கட கோயில் சிலையளுக்கும் கண்ணைக் கடைசியாத்தான் திறக்கிறது” என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். நான் கண்ணே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டு வந்தவன். அவன் சொன்னதைக் கேட்டதும், கண் வெட்டினால் நானும் ஏதோ சிலைக்குக் கண் திறந்தவனாகிவிடுவேனோ என்று புதிதாக ஒரு பயம் வந்து ஏறிக்கொண்டது.

மனைவி தையல் வகுப்புக்குப் போகிற பின்னேரங்களில் வெட்டினேன். அவளும் இல்லாமல், வேலையும் இல்லாமல் கிடைக்கிற நேரம் அதுதான். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குவதா, சொல்லாமல் தொடங்குவதா என்று அதுவே முதல் குழப்பம். வேலை சரியா பிழையா என்று தெரியாதபோது எப்படிச் சொல்வது? சொல்லாமல் தொடங்கினேன், பிளேட் முறிந்தது. சொல்லித் தொடங்கினேன், அப்போதும் முறிந்தது. பிறகு ஆத்திரத்தில் பேசாமல் வெட்டினேன். தொப்பியின் கரை, நெற்றிக் கோடு, மூக்கின் ஓரம், தாடி. தாடிதான் பெரும்பாடு. மயிர் மயிராகப் போகவேண்டும், இடையில் விடுகிற மரம் அவ்வளவு மெல்லிசு. கண் இருக்கவேண்டிய இடங்களைத் தொடவில்லை. வெறும் மரமாகவே விட்டேன்.

தூள் படாமல் இருக்க என் மெசினுக்கு ஒரு போர்வை உண்டு. மனைவியின் கிழிந்துபோன கறுப்பு அபாயா. அந்தக் கறுப்பின் மேல் பலகையை வைத்துப் பார்த்தேன். ஒரு மனிதன் கிடந்தான், கண்ணில்லாமல். மாமியைக் கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“ஆரிது?”

“மாமா.”

“இல்ல” என்றார். போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டு, பயந்து பயந்து வெட்டினால், ஒரு சொல்லில் “இல்ல.” பலகையை அடுப்பில் வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அடுப்பில் வைப்பதற்கும் கை வரவில்லை. ஏற்கனவே ஒருமுறை ஆல்பத்தோடு எரிந்த மனிதர் அல்லவா?

கண்ணில்லாததுதான் குறை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வெட்டலாமா, விடலாமா என்று கடையில் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்ததில், ஒருவருக்குப் பெயின்டுக்குப் பதிலாக வார்னிஷ் கொடுத்துவிட்டேன். அந்த நாட்களில் மாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவர் குசினியில் நின்றபடி, ஒரு கையில் அகப்பையோடு, கண்ணை மூடிக்கொண்டிருப்பதை ஒருதரம் கண்டேன். முகத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தது. பாவமாக இருந்தது. குற்றமென்றால் என் தலையில் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு, ட்றில்லை எடுத்தேன். கண்ணின் நடுவில் ட்றில்லை வைத்து ஓட்டை போட்டேன். ஓட்டைக்குள் பிளேட்டை விட்டு, ஒரு கண், பிறகு மற்றக் கண்.

பலகையை அபாயாவின் மேல் வைத்து மாமியை மறுபடியும் கூப்பிட்டேன். இந்த முறை கொஞ்சம் நெடுநேரம் பார்த்தார்.

“இவர் என்னப் பாக்கல்ல மகன்.”

“பலகை எப்பிடி மாமி பாக்கும்?” சத்தம் கூடிவிட்டது. “படத்தில இருக்கிறதைத்தான் வெட்டியிருக்கன். இதுக்கு மேல நான் என்னதான் செய்யிற?”

“கோவிக்காதீங்க.” அவர் குரல் இறங்கிவிட்டது. “கண்ணாடி இல்லாட்டி அவருக்கு என்னத் தெரியா.”

எனக்கு விளங்கவில்லை.

“படம் புடிக்கக்குள்ள கண்ணாடியக் கழட்டச் சொன்னயாம். அதான் அவர் இப்பிடி முழிச்சிக்கு இரிக்கார். கண்ணாடி இல்லாம ஒரு சாமானும் தெரியா மனிசனுக்கு. விடிய சுபஹுக்கு எழும்பினா, கட்டில்ல இருந்துக்கே, ‘கண்ணாடி எங்க? நீ எங்க?’ எண்டு ரெண்டையும் ஒண்டாத்தான் தேடுவார்.”

நான் கண்ணைப் பற்றி யாரிடமெல்லாம் கேட்டேன்! கண்ணாடி, கூட்டுக்குள், என் மேசையில், முதல் நாளிலிருந்தே கிடந்தது. அந்தக் கூட்டைத் திறந்து படத்தை மட்டும் எடுத்துக்கொண்டவன் நான். கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். பலகையில் இருப்பது ஆள் அளவு முகம். அந்த மூக்கின் மேல், அந்தக் கண்களுக்கு நேராக வைத்தேன்.

மாமி கிட்ட வந்தார். முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். பிறகு குனிந்து, கண்ணாடியின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினார்.

“நெல்லுத் தூசி” என்றார். “எப்பவும் தூசிதான் அதுல. உடுத்த சாரத்தால துடைப்பார், இன்னும் கூடும்.”

கண்ணாடி அந்த இடத்தில் இருக்கும்போதே பென்சிலால் சுற்றிக் கோடு கீறினேன். முழு வட்டமாக வெட்டினால் கண்ணோடு சேர்ந்து மரமே கழன்று விழுந்துவிடும். ஆகவே மூக்குப் பக்கத்திலும் காதுப் பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மரத்தை விட்டு, துண்டு துண்டாக வெட்டினேன். மாமி போகவில்லை. தூளுக்குள், மெசின் சத்தத்துக்குள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்றார். அன்றைக்குப் பிளேட் முறியவில்லை. நான் அவசரப்படவில்லை, அதுதான் காரணம். வேறு காரணம் சொல்ல எனக்குப் பயம்.

கறுப்புத் துணியை எடுத்தேன், ஒட்டுவதற்கு. எடுத்த கை நின்றுவிட்டது. துணியில்லாமல் இருக்கும் வரைக்கும் இது ஓட்டை போட்ட பலகை. ஒட்டினால் முகம். நான் முகம் வெட்டுவதில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். துணி ஒட்டாவிட்டால் அந்தச் சொல் பொய்யில்லை. இது கள்ளக் கணக்கா, நல்ல கணக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மாமியிடம், “துணி ஒட்டல்ல மாமி” என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

“வேணாம், ஒட்டாதீங்க” என்றார் உடனே. அவரும் ஏதோ யோசித்து வைத்திருக்கிறார் என்று அப்போது எனக்கு ஓடவில்லை.

பிறகு நிலத்தில் உட்கார்ந்து, இத்தனை நாளும் விழுந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்கினார். புருவம், கண்மணி, தாடியின் சீவல்கள். மாமரத்தடிக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவற்றையெல்லாம் கண்ணாடிக் கூட்டுக்குள், படத்துக்கும் கண்ணாடிக்கும் பக்கத்தில் போட்டு மூடினார். பலகையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் அது அவருடைய அறையில், வெள்ளைச் சுவரில் தொங்கியது. வெள்ளைமேல் வெளிர் மரம், ஒன்றுமே விளங்கவில்லை. காற்றோட்டத்துக்கு வைத்த துளைபோல இருந்தது. மனைவி, “என்ன உம்மா இது?” என்று கேட்டாளாம். “உன்ட மாப்புள்ளட பூ வேல” என்றாராம். அவள் வந்து என்னிடம், “பூவெண்டா ஒரு ஒழுங்கா வெட்டப்படாதா?” என்றாள். நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கு நிம்மதியில்லை. முகம் வேண்டுமென்று அழாத குறையாகக் கேட்டவர், முகம் தெரியாத பலகையை மாட்டி வைத்துக்கொண்டு எப்படித் திருப்தியாக இருக்கிறார்? ஏனென்றால் அவர் திருப்தியாகத்தான் இருந்தார். என் மரத்தூளைப் பற்றி அல்லாஹ்விடம் விசாரிப்பதைக்கூட விட்டுவிட்டார்.

ஒரு லீவு நாளில் அவர் அறையில் பல்ப் எரிந்துபோனது. மாற்றச் சொன்னாள் மனைவி. பகல்தான், யன்னல் வெளிச்சம் இருந்தது. கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவன் கதிரையோடு நின்றுவிட்டேன். சுவரிலிருந்து தொப்பியும் தாடியும் கண்ணாடியுமாக ஒரு மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸலாம் சொல்ல வாய் திறந்துவிட்டேன், அவ்வளவு திடீரென்று.

விசயம் இதுதான். வெளியே போகும்போது போடுகிற கறுப்பு அபாயாவை மாமி மாட்டுகிற ஆணி அது. ஆணியில் முதலில் அபாயா, அதற்கு மேல் பலகை. கறுப்பு பின்னால் வந்ததும் மாமா வந்துவிட்டார்.

அஸருக்குப் பாங்கு சொன்னது. மாமி கை கால் கழுவி உளு எடுத்து, ஈரக் கையோடு உள்ளே வந்தார். கதிரையில் ஏறி நிற்கிற என்னைக் கடந்து போனார். பலகையைத் தூக்கி, அபாயாவை உருவி எடுத்து, நாலாக மடித்துக் கட்டிலில் வைத்தார். பலகையை வெறும் ஆணியில் மாட்டினார். சுவரில் ஒருவரும் இல்லை, ஓட்டைகள்தான். முஸல்லாவை விரித்துத் தொழ நின்றார். நான் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மலாயிக்கத்துமாருக்கும் மாமாவுக்கும் ஒரே அறையில் இடம் கொடுக்கிற இந்த வழியை அவர் யாரிடமும் கேட்டுப் படிக்கவில்லை. சரியா இது? கேட்கவும் எனக்குத் துணிவில்லை. யாராவது சரியில்லை என்று சொல்லிவிட்டால், அதை நான்தானே கொண்டுபோய் அவருக்குச் சொல்லவேண்டும்?

மனைவிக்கும் ஒருநாள் தெரிந்துபோனது, கட்டில் சீலை மாற்றப் போனபோது. சத்தம் போட்டுக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், கண் சிவந்திருந்தது. “கண்ணாடியும் போட்டிரிக்கார்” என்று மட்டும் சொன்னாள். உம்மாவிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. உம்மா அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மாமி தூங்குகிற மத்தியானங்களில், அலுமாரியில் எதையோ எடுக்கப் போகிறவள் போல அந்த அறைக்கு அவள் அடிக்கடி போய் வருகிறாள். ஒரு வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த விசயம், மூன்று பேருக்கும் தெரியாத மாதிரியே இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஒருவர் போன் எடுத்தார். தன்னுடைய மகளின் முகத்தைப் பலகையில் வெட்டித் தரமுடியுமா என்று கேட்டார். “நாங்க முகம் வெட்...” என்று இழுத்தேன். மாமி அபாயா போட்டுக்கொண்டு, மனைவியோடு ஆசுபத்திரிக்கு யாரையோ பார்க்கப் போக வாசலில் நின்றார். எட்டிப் பார்த்து, போனில் இருக்கிறவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

“வெட்டுறல்லெண்டு செல்லுங்க. எங்கட வீட்டுல உருவம் வெக்கிறல்ல.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் துளி மாற்றமில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு த்ரீவீலில் ஏறிவிட்டார். பாண்டிருப்புக் கூட்டாளியின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தேன். உள்ளே போய் அவர் அறையை எட்டிப் பார்த்தேன். அபாயா அவரோடு போய்விட்டது. சுவரில் வெறும் பலகை.

அவர்கள் பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகுதான் வந்தார்கள். நான் குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மாமி அபாயாவைக் கழற்றி உதறினார். பலகையை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, அபாயாவை ஆணியில் போட்டு, அதன் மேல் பலகையை மாட்டினார். முக்காட்டின் நுனியால் கண்ணாடி வெட்டின இடத்தை, ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம், துடைத்தார்.

“இஞ்ச, நான் வந்திட்டன்” என்றார்.